பைத்தானிலிருந்து சி மொழிக்கு: படிப்படியாகக் கடப்பது எப்படி

பைத்தானில் ஓரளவு கைபழகிய ஒருவர் சி மொழியைத் தொட்டதும் முதலில் உணர்வது எரிச்சலாகத்தான் இருக்கும். கட்டளைக்குக் கட்டளை அரைப்புள்ளி, மாறிக்கு மாறி தரவு வகை, நான்கு எண்களைக் கூட்டுவதற்கே பத்து வரிகள் என்று எல்லாமே வீண்வேலையாகத் தோன்றும். இந்த எழுத்துமுறை வேறுபாடுகள் விரைவில் பழகிவிடும். அவற்றைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. எண் எவ்வளவு பெரிதானாலும் இடம் ஒதுக்குவது, லிஸ்டின் எல்லையைத் தாண்டினால் தடுப்பது, தேவையற்ற நினைவகத்தைத் திருப்பிக்கொடுப்பது என்று நாம் கேட்காமலே பைத்தான் செய்துவந்த வேலைகளை சி மொழியில் செய்ய யாரும் இல்லை என்பதுதான் உண்மையான கடினம். ஆகவே, அந்த வேலைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, எளியதிலிருந்து கடியதை நோக்கிக் கையில் எடுத்துக்கொள்ளும் வரிசையிலேயே இந்த வழிகாட்டி செல்கிறது.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சியால் உருவாக்கப்பட்டது. யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதுவதுதான் அதன் முதல் பெரிய பயன்பாடு. கைடோ வான் ராசம் பைத்தானை முதலில் வெளியிட்டது 1991இல். பெரும்பாலானோர் தங்கள் கணினியில் நிறுவியிருக்கும் பைத்தான் சி மொழியிலேயே எழுதப்பட்டது. ஆகவே சி கற்பவர், இதுவரை தான் பயன்படுத்திய கருவியின் உட்புறத்துக்குள் போகிறார் என்றே சொல்லலாம். இந்த எண்ணம் கடினமான நாட்களில் உண்மையாகவே ஊக்கம் தரும்.

முதலில் கருவிகளைச் சரியாக அமையுங்கள்

சி நிரலை எழுதியவுடன் இயக்க முடியாது. கம்பைலர் அதை இயந்திர மொழிக்கு மாற்றிய பிறகே இயக்க முடியும். ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் போதும். லினக்ஸிலும் மேக்கிலும் இவற்றை நிறுவுவது எளிது. விண்டோஸில் இருப்பவர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் வழியாக ஒரு லினக்ஸ் சூழலை அமைத்துக்கொள்வது பின்னால் பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

புதியவர்களில் பலர் இங்கேயே தவறவிடும் ஒன்று உண்டு. கம்பைலரை வெறுமனே அழைத்தால் அது பல சந்தேகங்களைச் சொல்லாமலே விட்டுவிடும். 'டபிள்யூ-ஆல்', 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' என்ற இரண்டு எச்சரிக்கை விருப்பங்களையும், பிழைதிருத்தத் தகவலைச் சேர்க்கும் 'ஜி' விருப்பத்தையும் முதல் நிரலிலிருந்தே சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். இஃப் நிபந்தனைக்குள் இரட்டைச் சமக்குறிக்குப் பதிலாக ஒற்றைச் சமக்குறி போட்டால் சி மொழியில் அது சட்டப்படி சரியான நிரல்தான்; ஒப்பிடுவதற்குப் பதிலாக மதிப்பை ஏற்றிவிட்டு நிரல் அமைதியாக நகரும். எச்சரிக்கைகள் இயங்கும் நிலையில் இருந்தால் அந்த வரியைக் கம்பைலரே சுட்டிக்காட்டும்.

இவற்றோடு சானிடைசர்கள் என்ற சோதனைக் கருவிகளையும் இயக்குங்கள். அட்ரஸ் சானிடைசர் நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும். வரையறுக்கப்படாத நடத்தைக்கான சானிடைசர், எண் தன் தரவு வகையின் எல்லையைத் தாண்டும் வழிதல் போன்றவற்றைக் கண்டுபிடிக்கும். இரண்டும் கம்பைலரோடு சேர்ந்தே வருபவை, 'எஃப்-சானிடைஸ்' என்ற விருப்பத்தின் மூலம் இயக்கப்படுபவை. பைத்தான் ஒவ்வொரு தவறுக்கும் ஒரு பிழைச்செய்தியோடு நின்றுவிடும். சி மொழியில் அந்தப் பாதுகாப்பை நாமே வேண்டிப் பெற வேண்டும். கற்கும் காலத்தில் இதை அணைத்து வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தெரிந்த நிரலையே மீண்டும் எழுதுங்கள்

புதிய மொழியில் புதிய சிக்கலைத் தீர்க்க முயல்வது இரண்டு சுமைகளை ஒரே நேரத்தில் தூக்குவதாகும். பைத்தானில் நீங்கள் எழுதி முடித்த சிறு நிரல்களை எடுங்கள்: மதிப்பெண்களின் சராசரி காண்பது, ஒரு கோப்பில் உள்ள சொற்களை எண்ணுவது, பகா எண்களைப் பட்டியலிடுவது போன்றவை. விடை என்னவாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். பைத்தான் நிரலை அருகில் இயக்கி இரண்டு விடைகளையும் ஒப்பிடவும் முடியும். விடைகள் வேறுபடும் இடம்தான் பாடம்.

ஆனால் வரிக்கு வரி மாற்றாதீர்கள். பைத்தானில் ஒரே வரியில் லிஸ்டை வடிகட்டிப் புதிய லிஸ்ட் செய்யும் வழக்கத்தை சி மொழியில் அப்படியே நகலெடுக்க முயன்றால், யாருக்கும் புரியாத ஒரு நிரல்தான் கிடைக்கும். நிரல் செய்ய வேண்டிய வேலையைத் தமிழிலோ வேறு மொழியிலோ நாலைந்து வாக்கியங்களாக எழுதிவைத்துக்கொண்டு, அந்த வாக்கியங்களிலிருந்து சி நிரலை எழுதுங்கள்.

எண்களுக்கு எல்லை உண்டு

தொடர்பெருக்கம் (1 முதல் ஓர் எண் வரை எல்லா முழு எண்களையும் பெருக்குவது) காணும் நிரலை எடுத்துக்கொள்வோம். பைத்தானில் 13இன் தொடர்பெருக்கம் 6227020800 என்று வரும். 100இன் தொடர்பெருக்கமும் எந்தத் தயக்கமும் இல்லாமல் வரும். இதையே சி மொழியில் 'இன்ட்' வகை மாறியை வைத்து எழுதிப் பாருங்கள். 12 வரை எல்லாம் சரியாக இருக்கும், விடை 479001600. 13க்கு வந்ததும் பெரும்பாலான கணினிகளில் 1932053504 என்று அச்சாகும். பிழைச்செய்தி இல்லை, நிரல் நிற்கவும் இல்லை, விடையும் பார்வைக்கு நம்பும்படியாகவே இருக்கிறது.

இன்றைய கணினிகளில் 'இன்ட்' வகை பொதுவாக 32 பிட் கொண்டது. அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 2147483647. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை சி மொழியின் தரநிலை வரையறுக்கவே இல்லை. மேலே வந்த விடை, மேல் பிட்டுகள் வெட்டப்பட்டு மிஞ்சியது, அவ்வளவுதான். கம்பைலரின் மேம்படுத்தல் நிலையை மாற்றினால் வேறு விடைகூட வரலாம். சானிடைசரை இயக்கியிருந்தால், 479001600ஐ 13ஆல் பெருக்கிய விடை 'இன்ட்' வகையில் அடங்காது என்று வரி எண்ணோடு சொல்லும். 'லாங் லாங்' வகைக்கு மாறினால் 20இன் தொடர்பெருக்கம் வரை போகலாம். 21க்கு அதுவும் போதாது. இந்தச் சிறு சோதனையைத் தவறாமல் செய்து பாருங்கள். தரவு வகை என்பது எழுத்துமுறைச் சடங்கு அல்ல, நினைவகத்தில் எத்தனை பைட்டுகளை ஒதுக்குகிறோம் என்ற முடிவு என்பது இதன் மூலம்தான் மனத்தில் பதியும்.

வகுத்தலிலும் கவனம் தேவை. இரண்டு முழு எண்களை வகுத்தால் சி மொழியில் விடையும் முழு எண்தான்: 7ஐ 2ஆல் வகுத்தால் 3. சராசரி காணும் நிரல்களில் புதியவர்களின் விடை பைத்தானோடு ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குறை எண்களில் இன்னொரு வேறுபாடு உண்டு. மைனஸ் 7ஐ 3ஆல் வகுத்து மீதி கேட்டால் பைத்தான் 2 என்னும், சி மொழி மைனஸ் 1 என்னும். வட்டமாகச் சுற்றிவரும் குறியீட்டெண்களுக்கு மீதியைப் பயன்படுத்துபவர்கள் இதை மறக்கக் கூடாது.

அரே தன் நீளத்தை அறியாது

பைத்தானின் லிஸ்ட் தன் நீளத்தைத் தானே வைத்திருக்கும். எல்லைக்கு வெளியே கைநீட்டினால் உடனே நிறுத்தும். சி மொழியின் அரே அடுத்தடுத்து அமைந்த நினைவக இடங்கள் மட்டுமே. ஐந்து எண்கள் கொண்ட அரேயில் ஆறாவது இடத்தில் எழுதச் சொன்னால் அது எழுதிவிடும். அந்த இடத்தில் வேறொரு மாறி இருந்தால் அதன் மதிப்பு மாறிவிடும். எதுவும் நடக்காதது போலவும் தோன்றலாம். பைத்தானில் கடைசி உறுப்பைத் தரும் மைனஸ் 1 என்ற குறியீட்டெண், சி மொழியில் அரேக்கு முந்தைய இடத்தைத் தொடும்.

இதன் விளைவுகள் எவ்வளவு பெரியவை என்பதற்கு வரலாறே சான்று. 1988இல் இணையத்தில் கணினிக்குக் கணினி தானாகவே பரவிய மோரிஸ் வார்ம் என்ற நிரல், நீளத்தைப் பார்க்காமல் உள்ளீட்டை வாங்கும் 'கெட்ஸ்' ஃபங்ஷனின் பலவீனத்தைத் தன் வழிகளில் ஒன்றாகப் பயன்படுத்தியது. அந்த ஃபங்ஷன் 2011ஆம் ஆண்டின் தரநிலையில்தான் மொழியிலிருந்தே நீக்கப்பட்டது. இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 2014இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற குறைபாட்டிலும் அடிப்படை இதுதான்: எதிர்முனை சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் அவ்வளவு பைட்டுகளைத் திருப்பி அனுப்பியதால், சேவையகத்தின் நினைவகத்தில் இருந்த இரகசியங்கள் ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை வெளியே கசிந்தன. எனவே, பழைய பாடங்களில் 'கெட்ஸ்' கண்ணில் பட்டால் அந்தப் பாடத்தையே மூடிவைத்துவிட்டு, எத்தனை பைட் வாங்கலாம் என்று கேட்கும் 'எஃப்கெட்ஸ்' ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள்.

நடைமுறை விதி ஒன்றுதான்: அரேயை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பும்போதெல்லாம் அதன் நீளத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பத்து 'இன்ட்' கொண்ட அரேயின் அளவை அது அறிவிக்கப்பட்ட இடத்தில் 'சைஸ்ஆஃப்' மூலம் கேட்டால் 40 என்று வரும். அதையே இன்னொரு ஃபங்ஷனுக்குள் அனுப்பிவிட்டு அங்கே கேட்டால் 64 பிட் கணினியில் 8 என்று வரும். உள்ளே போய்ச் சேர்ந்தது அரே அல்ல, அதன் முதல் உறுப்பின் முகவரி மட்டும்தான் என்பதே காரணம். இப்படி ஒரு முகவரியை வைத்திருக்கும் மாறிதான் பாயிண்டர்; அது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பாயிண்டர்: உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான்

பாயிண்டரைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது என்றே கருதுகிறேன், ஏனென்றால் பைத்தான் பழகியவர் அதன் விளைவுகளை ஏற்கெனவே பார்த்திருப்பார். ஒரு லிஸ்டை வேறொரு பெயருக்கு ஏற்றிவிட்டு, இரண்டாவது பெயர் வழியாக ஓர் உறுப்பைச் சேர்த்தால் முதல் பெயரிலும் அது தெரியும். இரண்டு பெயர்களும் நினைவகத்தில் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. பைத்தானில் எல்லாப் பெயர்களும் இப்படித்தான் இயங்குகின்றன, முகவரி மட்டும் கண்ணில் படுவதில்லை. சி மொழியில் நிலைமை தலைகீழ்: மாறியை மாறிக்கு ஏற்றினால் மதிப்பு நகலெடுக்கப்படும், பகிர வேண்டுமானால் முகவரியை வெளிப்படையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் பயிற்சியாக, இரண்டு எண்களை இடம் மாற்றும் ஃபங்ஷனை எழுதுங்கள். மதிப்புகளை அனுப்பி எழுதிப் பார்த்தால் எதுவும் மாறாது; முகவரிகளை அனுப்பி எழுதினால் மாறும். பிறகு ஒவ்வொரு மாறியின் முகவரியையும் அச்சிட்டுப் பார்த்து, ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து, எந்தக் கட்டத்தில் எந்த முகவரி இருக்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். இந்தத் தாள் வேலையைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குபவர்கள் பின்னால் நீண்ட நேரம் தடுமாறுவார்கள். அனுபவம் உள்ளவர்களும் சிக்கலான இடங்களில் படம் வரைந்துதான் யோசிக்கிறார்கள்.

ஒரு ஃபங்ஷனுக்குள் அறிவித்த சாதாரண மாறியின் முகவரியை வெளியே திருப்பித் தராதீர்கள். அந்த ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் உங்களுடையது அல்ல.

ஸ்ட்ரிங்

சி மொழியில் ஸ்ட்ரிங் என்று தனியாக ஒரு வகை கிடையாது. பைட்டுகளின் வரிசையும், முடிந்துவிட்டது என்று காட்டும் சுழியம் மதிப்புள்ள ஒரு பைட்டும்தான் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். படிப்பவர் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். பைத்தானில் நீளம் கேட்டால் 5 என்று வரும், ஏனென்றால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவை யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்ட அதே சொல்லை சி மொழியின் 'ஸ்ட்ர்லென்' எண்ணினால் 15 என்று வரும், ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வீதம். அதை நகலெடுக்க வேண்டுமானால் 16 பைட் இடம் வேண்டும், முடிவைக் காட்டும் பைட்டையும் சேர்த்து. அந்த ஒரு பைட்டை மறப்பது ஸ்ட்ரிங் தொடர்பான பரவலான பிழைகளில் ஒன்று. தமிழ் உரையோடு வேலை செய்ய நினைப்பவர்கள், ஒரு பைட் ஓர் எழுத்து என்று கருதும் பாடங்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஸ்ட்ரிங்கின் நடுவில் ஏதோ ஒரு பைட்டில் வெட்டினால் எழுத்தே சிதைந்துவிடும்.

ஒரு வளரும் லிஸ்டை நீங்களே கட்டுங்கள்

இந்த ஒரு பயிற்சிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். பைத்தானின் லிஸ்ட் போலத் தேவைக்கேற்ப வளரும் ஒன்றை, 'இன்ட்' எண்களுக்கு மட்டும், சி மொழியில் எழுத வேண்டும். பல மாறிகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஸ்ட்ரக்ட் ஒன்றில் மூன்று உறுப்புகள் போதும்: தரவு இருக்கும் இடத்தின் பாயிண்டர், இப்போது எத்தனை எண்கள் உள்ளன என்ற கணக்கு, எத்தனைக்கு இடம் இருக்கிறது என்ற கொள்ளளவு. உருவாக்குவது, சேர்ப்பது, எடுத்துப் பார்ப்பது, அழிப்பது என்று நான்கு ஃபங்ஷன்கள்.

உருவாக்கும்போது 'மால்லாக்' மூலம் நினைவகம் கேட்க வேண்டும். சேர்க்கும்போது இடம் தீர்ந்திருந்தால் 'ரீஅலாக்' மூலம் கொள்ளளவை இரட்டிப்பாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓர் இடம் மட்டும் கூட்டினால், எண்கள் பெருகப் பெருக நகலெடுக்கும் வேலையே நேரத்தை விழுங்கிவிடும். பைத்தானும் இதே காரணத்துக்காகக் கேட்டதைவிடக் கூடுதலான இடத்தையே ஒதுக்குகிறது. பெரிய லிஸ்டுகளில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். 'ரீஅலாக்' திருப்பித் தருவதை நேரடியாகப் பழைய பாயிண்டரிலேயே ஏற்றாதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் அது நல் என்ற வெற்று மதிப்பைத் தரும், பழைய நினைவகமோ அப்படியே இருக்கும். பழைய முகவரியை இழந்துவிட்டால் அதை விடுவிக்க வழியே இல்லாமல் போகும். முதலில் தற்காலிக மாறி ஒன்றில் வாங்கி, சரிபார்த்து, பிறகு மாற்றுங்கள்.

லிஸ்ட் இயங்கத் தொடங்கியதும் வேண்டுமென்றே ஒரு தவறு செய்து பாருங்கள். முதல் உறுப்பின் முகவரியைத் தனி மாறியில் வைத்துக்கொண்டு, லிஸ்ட் பலமுறை வளரும் அளவுக்கு எண்களைச் சேர்த்துவிட்டு, அந்தப் பழைய முகவரியில் இருப்பதைப் படியுங்கள். வளரும்போது தரவு வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கக்கூடும். உங்கள் கையில் இருப்பது காலாவதியான முகவரி. சானிடைசர் இல்லாமல் இயக்கினால் சில நேரம் சரியான எண்ணே வரும், சில நேரம் குப்பை வரும். அட்ரஸ் சானிடைசரோடு இயக்கினால் நிரல் அந்த இடத்திலேயே நின்று மூன்று தகவல்களைத் தரும்: தவறான படிப்பு எந்த வரியில் நடந்தது, அந்த நினைவகம் எந்த வரியில் விடுவிக்கப்பட்டது, முதலில் எந்த வரியில் ஒதுக்கப்பட்டது. இந்த அறிக்கையை மேலிருந்து கீழாகப் பொறுமையாகப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். சி மொழியில் வருங்காலத்தில் சந்திக்கப்போகும் கடுமையான பிழைகளில் பல இதே உருவத்தில்தான் வரும்.

அழிக்கும் ஃபங்ஷனில் 'ஃப்ரீ' அழைக்க மறந்தால் நினைவகம் கசியும். லினக்ஸில் நிரல் முடியும்போது சானிடைசர் அதையும் பட்டியலிடும். ஒரே நினைவகத்தை இருமுறை விடுவிப்பதும் பெரும் பிழை. யார் ஒதுக்கினார், யார் விடுவிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலும் ஒரு வரிக் குறிப்பாக எழுதிவைப்பது, எளிதாகத் தோன்றினாலும், மிகவும் பயனுள்ள பழக்கம்.

பிழைச்செய்திகளைப் படிப்பது

கம்பைலர் இருபது பிழைகளைக் கொட்டினால் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மீண்டும் கம்பைல் செய்யுங்கள். மற்றவற்றில் பல அதன் தொடர்ச்சியாகவே வந்திருக்கும். அரைப்புள்ளி விடுபட்டால் சில நேரம் அடுத்த வரியைத்தான் குற்றம் சொல்லும். ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்ற பொருளில் வரும் செய்தி, கம்பைலருக்குப் பிறகு இயங்கி, நிரலின் பகுதிகளையும் நூலகங்களையும் இணைக்கும் லிங்கரிடமிருந்து வருவது. லினக்ஸில் வர்க்கமூலம் போன்ற கணித ஃபங்ஷன்களுக்கு அது வந்தால், கணித நூலகத்தை இணைக்கும் 'எல்-எம்' விருப்பத்தைச் சேர்க்கவில்லை என்று பொருள்.

சி மொழியில் எக்செப்ஷன் கிடையாது. இல்லாத கோப்பைத் திறந்தால் பைத்தான் உடனே நிறுத்தும். சி மொழியின் 'எஃப்ஓப்பன்' நல் மதிப்பைத் தந்துவிட்டு அமைதியாக இருக்கும், அதைப் பார்க்காமல் நீங்கள் அடுத்த வரிக்குப் போனால் நிரல் வேறெங்கோ விழும். திருப்பித் தரப்படும் மதிப்பை ஒவ்வொரு முறையும் சோதிப்பது சலிப்பான வேலைதான், ஆனால் அதைத் தவிர்க்க முடியாது.

சி மொழிக்குப் பதிலாக வேறு மொழிக்குப் போகிறவர்களுக்கும் இந்த வரிசையில் ஒரு பகுதி பொருந்தும். ஜாவாவிலும் கோ மொழியிலும் தரவு வகைகளையும் எண் எல்லைகளையும் பற்றிய பாடம் அப்படியே தேவைப்படும், நினைவகத்தை விடுவிக்கும் வேலையை மட்டும் மொழியே பார்த்துக்கொள்ளும். 2015இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழியில், காலாவதியான முகவரியைப் படிக்கும் மேற்கண்ட நிரல் வழக்கமான முறையில் எழுதினால் கம்பைலே ஆகாது. அந்த விதிகள் ஏன் இவ்வளவு கண்டிப்பானவை என்பது சி மொழியில் அந்தப் பிழையைக் கண்ணால் பார்த்தவருக்கு விரைவில் விளங்கும்.

வளரும் லிஸ்ட் கசிவின்றி இயங்கிய பிறகு அதைத் தனிக் கோப்பாகப் பிரித்து, அதன் ஃபங்ஷன் அறிவிப்புகளை, மற்ற கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்பில் வைத்து, சொற்களை எண்ணும் பழைய நிரலில் பயன்படுத்துங்கள். அடுத்து, பைத்தானின் மூல நிரலைத் தரவிறக்கி, 'ஆப்ஜெக்ட்ஸ்' என்ற அடைவில் 'லிஸ்ட்ஆப்ஜெக்ட்' என்ற பெயரில் இருக்கும் சி கோப்பைத் திறந்து, லிஸ்டின் அளவை மாற்றும் ஃபங்ஷனைத் தேடுங்கள். ரெஃபரன்ஸ் கணக்கு போன்ற புரியாத பகுதிகளை இப்போதைக்குத் தாண்டிச் செல்லலாம். கொள்ளளவைச் சோதிக்கும் வரியும், கூடுதல் இடத்தைக் கணக்கிடும் வரியும், 'ரீஅலாக்' வேலையைச் செய்யும் வரியும் நீங்கள் எழுதியதற்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபடும் இடங்களில் அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதை அருகில் உள்ள குறிப்புகளிலிருந்து படித்தறியுங்கள்.